விண்வெளிக் கம்ப்யூட்டருக்கு வேகம் எதற்கு?

ஊட்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான் துகள்களை, அதாவது வானத்திலிருந்து பொழியும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை, எண்ணுகிறார்கள் என்று சொன்னால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். கிரேப்ஸ்-3 என்று அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பெயர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரத்தில், ஒரு மைதானம் முழுக்கச் சின்னச் சின்னக் கூரைகள் வரிசை பிடித்து நிற்கும். ஒவ்வொரு கூரைக்கும் அடியில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குச் சின்டிலேட்டர், அதாவது துகள் ஊடுருவினால் மினுங்கும் பிளாஸ்டிக். அது போக, இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட்டைப் போட்டு, அதற்குக் கீழே 3712 இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுரம். கான்கிரீட்டைத் தாண்டி வர மற்ற துகள்களால் முடியாது, மியூவானால் முடியும், அதனால் குழாய்க்குள் வந்து சேர்வதை நம்பி எண்ணலாம். அந்தக் குழாய்கள் ஊட்டிக்காகச் செய்தவையும் இல்லை. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில், அணுவின் மையத்தில் இருக்கும் புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று வருடக்கணக்கில் தேடினார்களே, அந்தச் சோதனையில் இருந்தவை. நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்து இப்போது நீலகிரியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு இதை நினைத்தாலே பெருமையாக இருக்கும்.

விண்வெளிக் கம்ப்யூட்டர்களைப் பற்றி எழுத உட்கார்ந்து ஊட்டியில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குழாய்கள் எண்ணும் துகள்களுக்குத் தாய்த் துகள்கள் எவையோ, அவைதான் ராக்கெட்டிலும் செயற்கைக்கோளிலும் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர், பெரும்பாலும் புரோட்டான், நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றை மோதி உடைக்கும். அந்த மோதலில் சிதறும் துகள்களிலிருந்து பிறப்பவைதான் மியூவான்கள். காற்று மண்டலம் முழுவதையும் கவசமாக வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த மிச்சம்தான் வந்து சேர்கிறது. விண்கலத்துக்கு அந்தக் கவசம் கிடையாது. மூலத் துகளே நேராக வந்து சிப்பில் இறங்கும்.

"செவ்வாய்க்குப் போன ரோவரில் இருக்கும் கம்ப்யூட்டர் என் போனைவிட மெதுவாமே, அவ்வளவு பணம் இருந்தும் ஏன்?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்கிற விஷயம் சரிதான். 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் ரோவரில் இருப்பது ரேடு750 என்ற புராசஸர், அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி நினைவகம். இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் மிக மலிவான ஸ்மார்ட்போன்கூட இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அந்தப் போனை எடுத்துக்கொண்டு போய்ச் செவ்வாயில் வைத்தால் எத்தனை நாள் சரியாகக் கணக்குப் போடும் என்பதைக் கேட்க வேண்டும்.

சிப்பின் சிலிக்கான் வழியாக வேகமான அயனி (மின்னூட்டம் கொண்ட துகள்) ஒன்று போனால் அது போன தடம் நெடுக மின்னூட்டம் சிதறிக் கிடக்கும். அந்த மின்னூட்டம் பக்கத்து டிரான்சிஸ்டரில், அதாவது சிப்பில் இருக்கும் குட்டி மின் சுவிட்சில், போய்ச் சேர்ந்தால் அங்கே 0 இருந்தால் அது 1 ஆகிவிடும், 1 இருந்தால் 0 ஆகிவிடும். இப்படி ஒரு 0 அல்லது 1-க்குத்தான் பிட் என்று பெயர். சிப் உடையாது, புகை வராது, எந்த எச்சரிக்கையும் கிடையாது, ஒரு பிட் மட்டும் புரண்டிருக்கும். டிரான்சிஸ்டர் சின்னதாக ஆக ஆக அது பிடித்து வைத்திருக்கும் மின்னூட்டமும் குறைவு, புரட்டுவது அவ்வளவு சுலபம். போன் சிப்பின் வேகத்துக்குக் காரணமான அந்தச் சிறுமையே விண்வெளியில் அதற்குப் பலவீனம். அதனால்தான் விண்கலத்துக்குப் பழைய பாணியில், பெரிய டிரான்சிஸ்டர்களாக, கதிர்வீச்சைத் தாங்கும் வகையில் தனியாகச் செய்கிறார்கள். ரேடு750 மாதிரிச் சிப் ஒரு மனிதனைக் கொல்லக்கூடிய கதிர்வீச்சைப் போலப் பல நூறு மடங்கு வாங்கிக்கொண்டும் வேலை செய்யும்.

ஒரு பிட் புரண்டால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிலவில் இறங்கும் கலம் தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பிட்டில் அந்த 120-ஐ எழுதினால் இடப்பக்கம் முழுக்கப் பூஜ்யமாகத்தான் இருக்கும். அதில் 4096-க்கு உரிய ஒரே ஒரு பூஜ்யம் 1 ஆகிவிட்டால் உயரம் 4216 மீட்டர் என்று காட்டும். எஞ்சினை இப்போது எவ்வளவு எரிக்க வேண்டும் என்று அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் கதை முடிந்தது. இது கற்பனைக் கணக்கு. நிஜத்திலேயே 2003-இல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு வாக்குப்பதிவில் சரியாக 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. தரையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே! மென்பொருளில் பிழை எதுவும் அகப்படாததால், எங்கிருந்தோ வந்த துகள் பிட்டைப் புரட்டியிருக்கும் என்றுதான் விளக்கம் சொன்னார்கள். 2010-இல் நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய அறிவியல் தகவல்கள் திடீரென்று புரியாத வடிவத்தில் வர ஆரம்பித்தன. நினைவகத்தின் நகலைக் கீழே வரவழைத்துப் பார்த்தால், ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகியிருந்தது. திருப்பி அமைத்தார்கள், சரியாகிவிட்டது.

விமானத்திலும் இந்தப் பிரச்சினை உண்டு. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மியூவானைவிட நியூட்ரான்தான் முக்கிய வில்லன், பாதிப்பு அதேதான். 2025 நவம்பர் கடைசியில் ஏர்பஸ் நிறுவனம், கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுத் தகவலைக் கெடுக்கக்கூடும் என்று சொல்லி, ஏ320 குடும்பத்து விமானங்கள் சுமார் 6000-க்கு அவசரமாக மென்பொருளை மாற்றச் சொன்னது. நம் ஊர் விமான நிலையங்களிலும் அதனால் தாமதம். அந்த வாரம் செய்தியைப் பார்த்த எத்தனை பேர் அதன் வேர் ஊட்டி மைதானத்துக் கூரைகளின் கீழே எண்ணப்படுகிறது என்று நினைத்திருப்பார்கள்!

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீ பேக்டரி டிரையர்களுக்குக் கன்ட்ரோலர் போர்டு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. இலையை வாட்டி, சிடிசி ரோலரில் அரைத்து, நொதிக்க விட்டு, கடைசியாக டிரையருக்குள் அனுப்புவார்கள். அங்கே சூடு கொஞ்சம் எகிறினாலும் மொத்தத் தூளும் தீய்ந்த வாடை அடிக்கும். ஐப்பசி மழையில் இடி இடித்துக் கரன்ட் விட்டு விட்டு வரும்போது போர்டு திகைத்து நின்றுவிடக் கூடாது. அதற்காகவே அதில் வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று உண்டு. புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாவிட்டால் டைமரே போர்டை அணைத்து மறுபடி கிளப்பிவிடும். இந்தச் சின்ன விஷயத்தின் பழைய வடிவம் ஒன்று, மனிதர்களை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ கலத்தின் கம்ப்யூட்டரில் இருந்தது, அதற்கு நைட் வாட்ச்மேன் என்று பெயரே வைத்திருந்தார்கள் என்று படித்த அன்றைக்குத்தான் இந்தத் துறை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அப்பல்லோ கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட 32 கிலோ எடை. அழித்து எழுதக்கூடிய நினைவகம் 2048 சொற்கள், அழிக்க முடியாத நினைவகம் 36,864 சொற்கள், சொல் என்றால் கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுக்கும் பிட்டுகளின் தொகுப்பு, இங்கே 15 பிட்டோடு சரிபார்க்க ஒரு பிட். அழிக்க முடியாதது என்றால் நிஜமாகவே அழிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் புரோகிராமைக் கம்பியால் நெய்திருந்தார்கள். குட்டிக் காந்த வளையத்தின் உள்ளே கம்பி போனால் 1, வெளியே போனால் 0. அமெரிக்காவில் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து ஊசியால் கோத்துக் கோத்துச் செய்த வேலை அது. ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். எழுதும்போதே சரியாக எழுதியாக வேண்டிய கட்டாயம் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள்.

1969 ஜூலை 20, அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்று எச்சரிக்கை வந்த கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் தடுமாறியதால் ஆம்ஸ்ட்ராங் கையால் ஓட்டிக் காப்பாற்றினார் என்று தமிழில் நிறைய இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அது பாதிக் கதை. கற்பாறைகளைத் தவிர்க்க அவர் கையால் திருப்பினார், உண்மை. அப்போதும் எஞ்சினை ஆட்டுவித்தது கம்ப்யூட்டர்தான். எச்சரிக்கைக்குக் காரணம் வேறு. மேலே சுற்றும் தாய்க்கலத்தோடு சேர்வதற்கான ரேடார் அந்த நேரத்தில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மின்சாரம் கம்ப்யூட்டருடையதோடு சரியாக ஒத்துப்போகாததால் அர்த்தமில்லாத துடிப்புகளை அனுப்பி, கம்ப்யூட்டரின் நேரத்தில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றுவிட்டது. இறங்கும் வேலைக்கே நேரம் இறுக்கமாக இருந்த கட்டம் அது.

அப்போது கம்ப்யூட்டர் செய்ததுதான் அழகு. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் பத்தாதபோது, சீர்த்தட்டை அடுக்குவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு எல்லாரும் பரிமாற ஓடுவது போல, திரையில் எண்களைக் காட்டுவது மாதிரியான வேலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன்னைத்தானே மறுபடி கிளப்பிக்கொண்டு, கலத்தை நிமிர்த்திப் பிடிப்பதையும் எஞ்சினை நடத்துவதையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எந்த வேலை முக்கியம், எது காத்திருக்கலாம், நடுவில் விழுந்தால் எந்தப் புள்ளியிலிருந்து எழ வேண்டும் என்பதையெல்லாம் மார்கரெட் ஹாமில்டனும் ஹால் லேனிங்கும் அவர்களோடு அமெரிக்காவின் எம்ஐடியில் வேலை செய்தவர்களும் வருடக்கணக்கில் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். கீழே ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பையன், ஒத்திகை ஒன்றில் இதே மாதிரி எச்சரிக்கை வந்து குழப்பமானதற்குப் பிறகு, ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன அர்த்தம், இறங்கலாமா திரும்பலாமா என்று கையால் பட்டியல் எழுதி மேஜையில் வைத்திருந்தான். அதைப் பார்த்துத்தான் தொடரலாம் என்றார்கள்.

அதே வருடம் நவம்பர் 14-ஆம் தேதி அப்பல்லோ 12 கிளம்பியபோது, 36-ஆவது நொடியில் ஒரு மின்னல், 52-ஆவது நொடியில் இன்னொன்று. விண்வெளி வீரர்கள் இருந்த கலத்தில் ஏறக்குறைய எல்லா விளக்கும் அலறியது, மின்சாரம் தடுமாறியது, திசை காட்டும் கருவி சுழன்றுபோனது. சாட்டர்ன் 5 ராக்கெட் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ராக்கெட்டுக்கென்று மேலே ஒரு வளையத்தில் தனிக் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் கணக்கு போடும் பகுதி மூன்று பிரதியாக இருந்தது. மூன்றும் தனித்தனியாகக் கணக்குப் போடும், இரண்டு பேர் சொல்வது விடை. ஒன்று உளறினாலும் ராக்கெட்டுக்குத் தெரியாது.

மூன்றில் இரண்டு என்ற இந்த யோசனை கேட்பதற்கு எளிது, அதனுள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டுத் தம்பி ஒருவன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன், உடனே லேப்டாப்பில் எழுதிப் பார்த்தான். ஒரே எண்களை மூன்று இடத்தில் வைத்து, அங்கங்கே பிட்டைக் குத்துமதிப்பாகப் புரட்டி, படிக்கும்போது வாக்கெடுப்பு. முதலில் அருமையாக ஓடியது. மறுநாள் காலையில் ஓடி வந்தான்.

"அக்கா, மூணு காப்பி இருந்தும் தப்பா வருது."

"எவ்வளவு நேரம் ஓட விட்டே?"

"ராத்திரி பூரா."

"தப்பான காப்பியைத் திருத்தினியா, இல்ல சரியான விடையை மட்டும் எடுத்துக்கிட்டியா?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "திருத்தலையே" என்றான். அதுதான் அந்தப் பள்ளம். ஒரு பிரதி கெட்டதும் வாக்கெடுப்பு காப்பாற்றிவிடும். கெட்டது அப்படியே கிடந்தால், நாளைக்கு இன்னொரு பிரதியில் அதே இடம் கெடும்போது பொய் பெரும்பான்மை ஆகிவிடும். அதனால் விண்கலத்து நினைவகத்தை யாரும் கேட்காவிட்டாலும் ஓயாமல் மூலைக்கு மூலை வாசித்து, கெட்டதைத் திருத்தி எழுதிக்கொண்டே இருப்பார்கள், ஸ்க்ரப்பிங் என்பார்கள் இதை. பிட் புரள்கிற வேகத்தைவிடத் துடைக்கிற வேகம் அதிகமாக இருந்தால் போதும். அவன் அன்றைக்கே அதையும் சேர்த்து எழுதிவிட்டான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் விழுந்தது. முதல் பயணம். அதில் திசையும் வேகமும் கணிக்கும் கருவி இரண்டு இருந்தன, ஒன்று போனால் மற்றொன்று. மென்பொருளை ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள், ஏனென்றால் அங்கே பிரச்சினையே இல்லாமல் ஓடியது. புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட அதிகம். 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் வரி ஒன்று இருந்தது. 32767-க்கு மேல் அதற்குள் போகாது. எண் அதைத் தாண்டியது, துணைக் கருவி நின்றது, கண்மூடித் திறப்பதற்குள் முதன்மைக் கருவியும் அதே காரணத்துக்காக நின்றது. இரண்டிலும் ஓடியது ஒரே புரோகிராம்தானே! நின்ற கருவி அனுப்பிய பிழைச் செய்தியை மைய கம்ப்யூட்டர் பறக்கும் திசை என்று நினைத்து எஞ்சின் முனைகளை ஒரேயடியாகத் திருப்பியது. கிளம்பி 40 நொடிக்குள் ராக்கெட் சிதறியது. எனக்கு இதில் மிகவும் வலிக்கிற பகுதி, அந்த வரி இருந்த கணக்கு ராக்கெட் தரையை விட்டு எழும்பிய பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை என்பதுதான்.

துகள் புரட்டிய பிட்டிலிருந்து பிரதிகள் காப்பாற்றும். மனிதன் எழுதிய பிழையைப் பிரதிகள் ஒற்றுமையாகச் செய்யும். இதை ஸ்பேஸ் ஷட்டில்காரர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். ஐந்து கம்ப்யூட்டர்கள் வைத்தார்கள், நான்கில் ஒரே மென்பொருள், வாக்கெடுப்போடு. ஐந்தாவதில் இருந்த மென்பொருளை வேறொரு நிறுவனம் தனியாக எழுதியது, நான்கும் சேர்ந்து தப்புப் பண்ணினால் அது கை கொடுக்க. அதற்கும் விலை இருந்தது. 1981 ஏப்ரல் 10 அன்று முதல் ஷட்டில் கிளம்பவில்லை, ஐந்தாவது கம்ப்யூட்டரும் மற்ற நான்கும் நேரத்தில் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் தள்ளி 12-ஆம் தேதி கிளம்பியது. இரண்டு நாள் தாமதம் கொடுத்து இந்தப் பாதுகாப்பை வாங்கலாம் என்பது என் கட்சி.

ராக்கெட் வடிவமைப்பிலும் ஆராய்ச்சியிலும் கம்ப்யூட்டர் செய்யும் வேலை தனிக் கடல், அதற்கு வேகம் வேண்டும், எவ்வளவு இருந்தாலும் போதாது. காற்று இறக்கையைச் சுற்றி எப்படி ஓடுகிறது என்று கணிக்க, பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் (என்ஏஎல்) 1986-லேயே ஃப்ளோசால்வர் என்று நம் நாட்டின் முதல் இணைக் கம்ப்யூட்டரை, அதாவது பல புராசஸர்கள் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரை, அவர்களே கட்டினார்கள். திருவனந்தபுரத்தில் 2011-இல் இஸ்ரோவின் சாகா-220 சூப்பர் கம்ப்யூட்டர். இதைப் பற்றி வேறொரு நாள் விரிவாக எழுத ஆசை. இங்கே சொல்ல வேண்டியது, ஊட்டிக்கும் அந்த மாதிரிக் கணக்கு தேவைப்பட்டது என்பது. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வெடித்து வந்த பிளாஸ்மா (மின்னேறிய வாயு) மேகம் பூமியின் காந்தப்புலத்தை மோதியபோது, கிரேப்ஸ்-3 குழாய்களில் மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரத்துக்குத் திடீரென்று ஏறியது. காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததால் வழக்கமாகத் தடுக்கப்படும் துகள்கள் உள்ளே வந்துவிட்டன என்று கம்ப்யூட்டரில் மறுபடி மறுபடி நடத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள், 2016-இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவோடு சாய்ந்து 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியும் 1970-லிருந்து இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் அதைக் கட்ட 11 டிகிரிச் சரிவு தேடி அலைந்து இந்த மலையைப் பிடித்தார், நம் அட்சரேகை 11 டிகிரி என்பதால் அது பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்குவதை வைத்துச் சூரியக் காற்றின் வேகத்தை அளக்க அது பயன்படுகிறது. செயற்கைக்கோளின் கம்ப்யூட்டரைச் சூரியன் எப்போது தாக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் காலம் வந்தால் அதில் நீலகிரியின் பங்கு நிச்சயம் இருக்கும்.

சரி, நம் நிலவுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவின் தரையில் மோதியது. பிறகு இஸ்ரோ தலைவராக வந்த சோமநாத் வெளிப்படையாகவே காரணம் சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின, வழித்தடத்தில் பிழை சேர்ந்துகொண்டே போனது, கலம் அதைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, அதன் மென்பொருளில் திரும்பும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான், அங்கேதான் போயாக வேண்டும் என்று அது வேகம் கூட்டிக்கொண்டு போனது. இதில் துகளும் இல்லை, கெட்ட சிப்பும் இல்லை. சொன்னதை அப்படியே செய்த ஒரு கம்ப்யூட்டர், சொல்லாத சூழ்நிலையில் மாட்டிக்கொண்டது.

சந்திரயான்-3-இல் கேள்வியையே மாற்றினார்கள். எது எது தவறினால் எப்படி இறங்குவது என்று தொடங்கினார்கள். உணரி (சென்சார்) போனால், எஞ்சின் போனால், கணக்குத் தவறினால் என்று ஒவ்வொன்றுக்கும் வழி. இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை குன்னூர் பஜாரில் ஒரு டிவி கடை வாசலில் இடம் இல்லாத அளவுக்குக் கூட்டம். கடைசிச் சுமார் 19 நிமிடம் பெங்களூரிலிருந்து யாரும் ஓட்டவில்லை, எல்லாம் அந்தக் கலத்தின் கம்ப்யூட்டர்தான் என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொன்னேன். "அப்ப அங்க உக்காந்திருக்கவங்க எதுக்கும்மா?" என்று கேட்டார். "அவங்க வேலை நேத்தே முடிஞ்சுது பெரியப்பா, இப்ப நம்மள மாதிரி பாத்துட்டு இருக்காங்க" என்றேன். 6.04-க்கு இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்தான் திட்ட இயக்குநர் என்பதைச் சொல்லச் சொல்ல அவருக்குத் தாளவில்லை.

இப்போது ராக்கெட்டுகளுக்கு நம் சிப்பே இருக்கிறது. 2009-லிருந்து 16 பிட் விக்ரம் 1601 பறக்கிறது. 32 பிட் விக்ரம் 3201-இன் முதல் தொகுதியைச் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகம் 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் கொடுத்தது. பிஎஸ்எல்வி சி-60 பயணத்திலேயே அதை விண்வெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அதன் டிரான்சிஸ்டர்கள் 180 நானோமீட்டர் அளவுத் தொழில்நுட்பத்தில் செய்தவை. உலகம் மூன்று நானோமீட்டரில் இருக்கும்போது இதென்ன என்று சிலர் கேலி செய்ததைப் படித்தேன். இதுவரை வாசித்த உங்களுக்கு அதற்குப் பதில் தெரியும்.

போன் சிப்பும் பறந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. செவ்வாயில் 72 முறை பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது ஸ்நாப்டிராகன் 801, சாதாரணப் போன்களில் வந்த சிப்தான். படத்தைப் பார்த்து வழி கணிக்க அந்த வேகம் தேவைப்பட்டது. ஆனால் அதைத் தனியாக விடவில்லை, கதிர்வீச்சைத் தாங்கும் வேறொரு சிப்பை மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். வேகமும் நம்பிக்கையும் ஒரே சிப்பில் கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது நல்ல வழி, இனி வரும் கலங்களில் இது அதிகமாகும் என்று நினைக்கிறேன்.

2023 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் அர்த்தமில்லாமல் பேச ஆரம்பித்தது. 1977-இல் கிளம்பியது, பூமியிலிருந்து 2400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு சேதி போக 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22 மணி நேரம். தகவலைத் தொகுக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு சிப், மொத்தத்தில் சுமார் மூன்று சதவீதம், செத்துவிட்டது. மாற்ற ஆள் போக முடியாது. செத்த இடத்தில் இருந்த புரோகிராமை மொத்தமாக வைக்க வேறெங்கும் இடம் இல்லை. அதனால் துண்டு துண்டாக வெட்டி, இண்டு இடுக்கில் எல்லாம் செருகி, ஒன்றை ஒன்று கூப்பிடும் முகவரிகளை எல்லாம் திருத்தி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20-ஆம் தேதி சரியான தகவல் வந்தது. அந்தக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்களில் பலர் இன்றைக்கு இல்லை. பழைய ஆவணங்களை வைத்துக்கொண்டுதான் செய்தார்கள்.

ஆவணம் என்றதும் ஒரு ஆதங்கம். ஏரியான் 5 வெடித்து இரண்டு மாதம் முடிவதற்குள் விசாரணை அறிக்கையைப் பொதுவில் வைத்தார்கள். எந்த மாறி, எத்தனை பிட், யார் என்ன நினைத்து விட்டுவிட்டார்கள் என்று பெயர் சொல்லிப் பழி போடாமல் எழுதிய அறிக்கை. இன்றைக்கும் உலகம் முழுக்க மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள், நானும் அதை வாசித்துத்தான் என் டிரையர் போர்டில் எண்கள் நிரம்பி வழிவதைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொண்டேன். சந்திரயான்-2 பற்றிப் பேட்டிகளிலும் உரைகளிலும் கேட்டிருக்கிறோம், முழு ஆய்வறிக்கை இன்னும் நம் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. இறங்கி வெற்றி கண்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? இஸ்ரோ அதை வெளியிட வேண்டும். வெளியிட்டால் வரி வரியாகத் தமிழில் விளக்கி எழுத நான் தயார், எதிர்வீட்டுத் தம்பி கணக்குகளை ஓட்டிக் காட்டுகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டான்.